குனிஞ்சு பாரு மாப்ளே

மாப்ளே, நேத்து ராத்திரி நீ போன்ல சொன்னதைக் கேட்டதுலேருந்து ஒங்க அத்தைக்கும் எனக்கும் சிரிப்பு அடங்கல. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை இன்னொரு தடவை 'ஒழுங்கா' பாக்கணுமாம். அதுக்குன்னே பங்குனி கடைசியில சிங்கப்பூர்லேருந்து பொண்டாட்டி புள்ளைகளோட வர்றியாம். ரொம்ப சந்தோஷம், வா. ஆயிரம் வருஷமா நிக்கிற கோயிலு, நீ லீவு கேட்டு வாங்குற வரைக்கும் நிக்காதா என்ன.

முன்னே நீ வந்தப்ப ஒனக்கு ஆறு வயசு. உள்சுத்து முழுக்க என் தோள்லதான் வந்தே. நந்தியைப் பாத்துட்டு, "மாமா, இது எத்தனை லிட்டர் கறக்கும்?"னு சத்தமாக் கேட்டே. கூட்டத்துல நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. வெளியில வந்ததும் தலையாட்டி பொம்மை வேணும்னு புழுதியில பொரண்டே. வாங்கிக் குடுத்தேன். அந்தப் பொம்மையும் நீயும் வீடு வந்து சேர்ற வரைக்கும், நான் சொன்னதுக்கெல்லாம் சேர்ந்து தலையாட்டிக்கிட்டு வந்தீங்க. அங்கேதான் தப்பு நடந்து போச்சு. அன்னிக்கு நான் ஒங்கிட்ட மூணு பொய் சொன்னேன். மூணையும் சிங்கப்பூர் வரைக்கும் பத்திரமாத் தூக்கிட்டுப் போயி, இப்ப வாட்ஸப்புல எனக்கே திருப்பி அனுப்புறே. வட்டியும் முதலுமா எட்டாக்கி அனுப்புறே.

எப்படிப் பாக்கலாம்னு யோசனை கேட்டே இல்ல? சொல்றேன், குறிச்சுக்க.

மொதல்ல, மத்தியானம் ஒரு மணிக்கு வந்துடு. அப்பத்தான் கூட்டம் இருக்காது. ஏன் இருக்காதுன்னு செருப்பை விட்டுட்டு உள்ளே கால் வச்ச மறு நிமிஷம் தெரிஞ்சு போகும். பங்குனி வெயில்ல அந்தத் தரை தோசைக்கல்லு. போன வருஷம் நானே பாத்தேன். நல்லா வாட்டசாட்டமான ஒரு மனுஷன், குடும்பத்தோட வந்தவரு, ரெண்டாம் வாசலைத் தாண்டிப் பத்து எட்டு ராஜா மாதிரி நடந்தாரு. பதினோராவது எட்டுல வலது காலைத் தூக்குனாரு. அப்புறம் இடது கால். அப்புறம் ரெண்டையும் ஒரே நேரத்துல தூக்கப் பாத்தாரு. அவரு சம்சாரம் தேங்காநார் விரிப்புல சொகமா நின்னுக்கிட்டு, "ஏங்க, அப்படியே நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்குறேன்"னாங்க. அப்ப அவரு ஆடுன ஆட்டம் இருக்கே! கருவறைக்கு மேல்தளத்துச் சுவத்துல 108 நடனக் கரணம் செதுக்கக் கல்லு வச்சுட்டு, 81-ஓட நிறுத்திப்புட்டாங்க. மிச்சம் 27 கல்லு இன்னும் வெறுங்கல்லாத்தான் கெடக்கு. சிற்பிக்கு இவரு கெடைச்சிருந்தா அந்த 27-ம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். (ராஜராஜனே வேலையை முழுசா முடிக்கலைங்கிற இந்தச் சேதியை, கொட்டகைக் கூரை ஏன் பாதியில நிக்குதுன்னு ஒங்க அத்தை கேக்குறப்பல்லாம் நான் எடுத்து விடுறது உண்டு.)

அடுத்தது படம். நந்திக்குப் பக்கத்துல நின்னு, ரெண்டு விரலால கோபுரத்து உச்சியைக் கிள்ளுற மாதிரி ஒண்ணு எடுத்துக்க. அதை எடுக்காமப் போனவனைத் தஞ்சாவூர் எல்லை தாண்ட விட மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். நீ 'கோபுரம்'னு சொன்னதும் கூட்டத்துல ஒருத்தர் "அது விமானம்"னு திருத்துவாரு. திருத்தட்டும், அவரு சொல்றதுதான் சரி. வாசல்ல நிக்கிறது கோபுரம், சாமி தலைக்கு மேல நிக்கிறது விமானம். மத்த ஊருல வாசல் ஒசரம், சாமி வீடு குள்ளம். இங்கே வாசல் குள்ளம், சாமி வீடு 13 நெலை, 216 அடி. ஆனா நாங்க கோபுரம்னுதான் சொல்லுவோம். நாக்கு பழகிப் போச்சு.

இனி அந்தப் பொய்க்கு வருவோம்.

கோபுரத்து நிழல் தரையில விழாதுன்னு ஒங்கிட்டச் சொன்னேன். எங்கே ஒக்காந்துக்கிட்டுச் சொன்னேன் தெரியுமா? நிழல்ல! சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கோயிலுக்குக் கெழக்கால, நந்திப் பக்கமா, ஒரு கம்பளத்தை விரிச்ச மாதிரி நிழல் விழுந்து கெடந்துச்சு. கல்லு ஆறியிருந்துச்சு. சனம் பூரா அங்கேதான் ஒக்காந்திருந்துச்சு. வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரிச்சு மடியில வச்சுக்கிட்டு, ஒண்ணு ஒண்ணா ஒடைச்சு ஒன் கையில குடுத்துக்கிட்டே, "பாத்தியாடா, இந்தக் கோபுரத்து நிழல் கீழே விழவே விழாது"ன்னேன். நீயும் அண்ணாந்து பாத்து "ஆமா மாமா"ன்னே. அப்ப நாம ஒக்காந்திருக்கிறது எதோட நிழல்னு நீயும் கேக்கல, நானும் நெனைக்கல. எங்க அப்பாரு எனக்குச் சொன்னாரு, நான் ஒனக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

காலையில மேற்கால விழும், சாயங்காலம் கெழக்கால விழும். மார்கழி, தை மாசத்துல நட்டநடு உச்சியில கூட வடக்கால விழும், ஏன்னா அப்ப சூரியன் தெக்கே சாஞ்சு போறான். சித்திரை பொறந்து நாலஞ்சு நாள்ல ஒரு நாளு, ஆவணியில ஒரு நாளு, அவன் நேரா நம்ம உச்சந்தலைக்கு மேல வருவான். அன்னிக்கு உச்சிப் பொழுதுல கோபுரத்துக்கு நிழல் கெடையாதுதான். ஒனக்கும் கெடையாது. என் எருமைக்கும் கெடையாது. எருமையை மட்டும் அதிசயம்னு யாரும் எழுத மாட்டேங்குறாங்க.

ரெண்டாவது, உச்சிக்கல்லு. ஒரே கல்லு, 80 டன்னு, சாரப்பள்ளத்துலேருந்து சாரம் கட்டி யானையை விட்டு ஏத்துனாங்கன்னேன். சாரப்பள்ளம்னு ஊரு இருக்கு, நெசம். சாரம் கட்டாம அம்மாம் ஒசரம் ஏத்த முடியாது, அதுவும் நெசம். ஆனா மேல இருக்கிறது ஒரே கல்லு இல்லையாம். சாத்துக்குடிச் சுளை மாதிரி பல கல்லைச் சேர்த்து வச்சதுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்லிட்டாங்க. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தந்தான். ஒரே கல்லுன்னு சொல்றப்ப கேக்குறவன் வாயைப் பொளப்பான், அந்தச் சொகம் போச்சு. ஆனா யோசிச்சுப் பாரு, பல கல்லைச் சேர்த்து வச்சு, ஆயிரம் வருஷம் ஊரையே ஒரே கல்லுன்னு நம்ப வச்சவன் எம்மாம் கைகாரன்! அவன் பேரும் கல்லுலேயே இருக்கு: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். ராசா தன் பேரையே பட்டமாக் குடுத்திருக்கான். இன்னிக்குப் பாலம் கட்டுறவன் கல்வெட்டுல கொத்தனார் பேரு இருக்குதா, பாரு.

நந்தி வளந்துக்கிட்டே போச்சு, முதுகுல ஆணி அடிச்சு நிறுத்துனாங்கன்னு சொன்னது மூணாவது. அன்னிக்கு ராத்திரி நீ, "நான் வளந்தா எனக்கும் அடிப்பாங்களா"ன்னு அழுதே. இப்ப வளந்து நிக்கிறே, கம்பெனிக்காரன் அடிச்சு வச்சிருக்கான், அது வேற கதை. மாப்ளே, நீ பால் கறக்கப் பாத்த அந்த நந்தி ராஜராஜன் வச்சதே இல்ல, நாயக்கரு காலத்தது. சோழரு காலத்துதுன்னு சொல்ற பழைய நந்தி தெக்குத் திருச்சுத்து மாளிகையில ஓரமா ஒக்காந்திருக்கு. அது பக்கத்துல நின்னு யாரும் படம் எடுக்குறதில்ல. வீட்டுல பெரியவங்களைத் திண்ணை ஓரத்துல ஒக்கார வைக்கிறோமே, அந்த மாதிரி.

இதெல்லாம் நான் சொன்ன பொய். நீ அனுப்புனதோ என்னைத் தூக்கிச் சாப்ட்டுடுச்சு. லிங்கம் 12 அடி, உயிரெழுத்து. பீடம் 18 அடி, மெய்யெழுத்து. கோபுரம் 216 அடி, உயிர்மெய். லிங்கத்துக்கும் நந்திக்கும் நடுவுல 247 அடி, மொத்தத் தமிழெழுத்து. அடேங்கப்பா! ஒரே ஒரு சந்தேகந்தான் மாப்ளே. இந்த 12 அங்குலத்து அடி இருக்கே, அது வெள்ளைக்காரன் கொண்டாந்த அளவு. ராஜராஜன் தான் குடுத்த செப்புத் திருமேனிக்கெல்லாம் ஒசரம் எழுதி வச்சிருக்கான், முழத்துலயும் விரல்லயும். அப்ப என்ன, வரப்போற வெள்ளைக்காரன் பாதத்தை முன்கூட்டியே அளந்து வச்சுக்கிட்டுக் கோயில் கட்டுனானா? கேட்டா அதுக்கும் சாட்சி காட்டுவீங்க, விமானத்து வடக்குப் பக்கம் தொப்பி போட்ட தொரை மூஞ்சி ஒண்ணு இருக்கே, அதை! அது பின்னால வந்தவங்க சுதை வேலை பாத்தப்ப வச்சது. 1620-லேயே டென்மார்க்காரன் தரங்கம்பாடிக்கு வந்து கடை விரிச்சாச்சு. தொப்பிக்காரனைப் பாக்க தீர்க்கதரிசி ஆகணும்னு இல்ல, தரங்கம்பாடிக்கு வண்டி கட்டுனாப் போதும்.

2022-ல 'பொன்னியின் செல்வன்' சினிமா வந்த பொறவு இன்னொரு கூட்டம் வருது. வந்தியத்தேவன் எந்த வாசல் வழியா வந்தான்னு கேக்குறாங்க. கல்கி எழுதுன கதை முடியிறப்ப இந்தக் கோயிலுக்கு ஒரு கல்லு கூட வைக்கலை அய்யா, ராஜராஜன் பட்டத்துக்கே வரலை. நான் சொல்லிப் பாத்தேன். ஒரு பொண்ணு என்னைப் பாத்த பார்வையில, கோயிலை நானே இடிச்சுட்டேன்னு இருந்துச்சு. இப்பல்லாம் கேட்டா, "இந்த வாசல்தான்"னு கேரளாந்தகன் வாசலைக் காட்டிடுறேன்.

ஒன்னைச் சொல்லியும் குத்தமில்ல. இந்த ஊரே அப்படித்தான் இருந்துச்சு. விமானத்தைச் சுத்தி அடிப்பகுதி முழுக்க எழுத்து. யாரு கட்டுனது, யாரு என்ன குடுத்தது, எல்லாம் வெட்டி வச்சிருக்கான். 25-ஆவது ஆட்சியாண்டு, 275-ஆவது நாளு, உச்சியில வைக்கிற கலசத்தைக் குடுத்தேன்னு நாள் குறிச்சு எழுதியிருக்கான். அதாவது 1010. அந்த எழுத்து மேலேயே முதுகைச் சாச்சு ஒக்காந்துக்கிட்டு நம்ம முப்பாட்டன்மாரு, "யாரு கட்டுனானோ"ன்னு பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. கரிகாலன்னாங்க. தோல் வியாதி புடிச்ச ராசா ஒருத்தன் சிவகங்கைக் குளத்துல முழுகி எந்திரிச்சுக் கட்டுனான்னாங்க. 1880-கள்ல ஹுல்ட்ஷ்னு ஒரு ஜெர்மன்காரரு, அரசாங்கத்துக் கல்வெட்டு ஆபீசரு, வந்து குனிஞ்சு படிச்ச பொறவுதான் ராஜராஜன் பேரு ஊருக்கே தெரிஞ்சுது. நாம அண்ணாந்து பாத்தோம், அந்த ஆளு குனிஞ்சு பாத்தாரு.

எனக்கும் அம்பது வயசு வரைக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துல தமிழ் சொல்லிக் குடுத்து ரிட்டையரான வாத்தியாரு ஒருத்தரு, பக்கத்து ஊருக்காரரு, ஒரு நாளு கூட்டிட்டுப் போனாரு. கல்லு பக்கத்துல என்னை நிறுத்தி, "படி"ன்னாரு. முறுக்குப் புழிஞ்சு காயப் போட்ட மாதிரி இருந்துச்சு. கல்லுல படாம, கைத்தடி நுனியைக் காத்துலேயே ஓட்டிக் காட்டுனாரு. "இது கொம்பு. இது ந. இது ல. மேல புள்ளி கெடையாது, நாமதான் வச்சுக்கணும். இன்னொரு ல, கூட உ. இப்பச் சேர்த்துச் சொல்லு." நான் எழுத்துக் கூட்டுனேன், ரெண்டாங்கிளாசுப் புள்ளை மாதிரி. நெல்லு.

'நெல்'னு இல்ல மாப்ளே. நீயும் நானும் சொல்ற மாதிரியே 'நெல்லு'. அதுக்குப் பொறவு கண்ணு பழகிப் போச்சு. நாலு வரி தள்ளி ஒரு நெல்லு, அதுக்குக் கீழே ஒரு நெல்லு, அந்தத் திருப்பத்துல ஒண்ணு. களத்துல கொட்டிக் கெடக்குற மாதிரி கல்லு பூரா நெல்லு. எனக்கு என்னமோ ஆயிடுச்சு. அத்தனை வருஷமா சாமி கும்புட வந்தேனே, நம்ம வீட்டு வரவு செலவு நோட்டை இங்கே மாட்டி வச்சிருக்கான்னு ஒருத்தனும் சொல்லலையே!

வாத்தியாரு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டு வந்தாரு. கோயில்ல ஆடுறதுக்கு 400 பொண்ணுங்களைச் சோழநாட்டுக் கோயிலெல்லாத்துலேருந்தும் கொண்டாந்து குடி வச்சிருக்கான். ஆரூருலேருந்து, பழையாறையிலேருந்து, திருவையாத்துலேருந்து. ஒவ்வொருத்தி பேரும் இருக்கு. எந்தத் தெரு, தெருவுல எந்தப் பக்கத்துச் சிறகு, எத்தனையாவது வீடுன்னு கதவு நம்பரோட விலாசம் இருக்கு. ஒங்க அத்தைக்கு வர்ற மணியார்டரு இன்னமும் மேலத்தெருவுக்குப் போகாம கீழத்தெருவுக்குப் போகுது, அதை நெனைச்சுக்கிட்டேன். ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. நம்ம கணக்குல மூட்டைக்கு 2 கலம், அப்ப 50 மூட்டை. அவன் மரக்கால் வேற, நம்ம மரக்கால் வேற. இருந்தாலும் அடுத்தவன் சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் பாக்குறதுல ஒரு சொகம். அவன் மரக்காலுக்குப் பேரு ஆடவல்லான், சாமி பேரு. கொறைச்சு அளக்கிறவனுக்குக் கை நடுங்கட்டும்னு வச்சிருப்பான் போல.

ஆடுன பொண்ணுங்களோட நின்னுடல. வெளக்குப் போடுறவன், கொடை புடிக்கிறவன், தண்ணி தெளிக்கிறவன், துணி வெளுக்கிறவன், சவரம் பண்றவன், தையக்காரன், குசவன், கணக்கன், அத்தனை பேரும் அதுல இருக்காங்க. எட்டூரு ராசாவை ஜெயிச்ச ஒருத்தன், சவரம் பண்றவனுக்கு எத்தனை பங்குன்னு கல்லுல வெட்டியிருக்கான் பாரு.

வாழைப்பழக் கணக்கு ஒண்ணு சொல்றேன், நீ கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு. பிள்ளையாருக்குத் தெனம் 150 வாழைப்பழம். அதுக்கு ராசா 360 காசைத் தஞ்சாவூருக் கடைத்தெரு வியாபாரிங்ககிட்ட முதலாப் போட்டான். வட்டி காசுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டுல ஒண்ணு. வருஷ வட்டி 45 காசு. காசுக்கு 1,200 பழம். 45-ஐ 1,200-ஆல பெருக்கு, 54,000. அதை 360 நாளுக்கு வகுத்தா 150. ஒரு பழம் கூடல, ஒரு பழம் கொறையல. முதலு அப்படியே இருக்கும், பிள்ளையாரு வட்டியைத் தின்னுக்கிட்டே இருப்பாரு. நானும் வங்கிக்குப் போயி வருஷக்கணக்கா இதே மாதிரி ஒரு ஏற்பாடு கேட்டுக்கிட்டு இருக்கேன், எனக்கு முதலும் இல்ல, பழமும் இல்ல.

வெளக்குக் கணக்கைக் கேளு. ஒரு வெளக்கு எரிய நாளுக்கு ஒரு உழக்கு நெய்யி. அதுக்கு 96 ஆடு விடணும். ஆடு இல்லையா, 48 பசு. பசு இல்லையா, 16 எருமை. நல்லாக் கவனி: 96 ஆட்டுக்கும் 48 பசுவுக்கும் 16 எருமைதான் ஈடு. என் எருமையைப் பாத்து மூக்கைப் பொத்துனே இல்ல, சின்னப் புள்ளையில? ராஜராஜன் அதுக்குப் போட்ட வெலை அதான். அந்த ஆட்டுக்குச் 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேரு. மந்திர ஆடு இல்ல. மேய்க்கிறவன் குட்டியை வச்சுக் கணக்கை நேர் பண்ணிக்கிட்டே இருக்கணும். ஆடு சாகலாம், கணக்கு சாகக் கூடாது.

இன்னொண்ணு. இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்கிறேன். நான் குடுத்தது, எங்கக்கா குடுத்தது, எங்க பொண்டாட்டிங்க குடுத்தது, மத்தவங்க குடுத்தது, இந்த வரிசையில எல்லாத்தையும் கல்லுல வெட்டுங்கன்னு ராசா சொல்லியிருக்கான். அக்கா மொதல்ல, பொண்டாட்டி பொறவு. அக்கான்னா குந்தவை. இதை ஒன் பொண்டாட்டிக்குப் படிச்சுக் காட்டாதே, ஊருக்கு வந்த எடத்துல வம்பு. ஒங்கக்காகிட்டயும் படிச்சுக் காட்டாதே, அது அதைவிடப் பெரிய வம்பு.

எழுத்து மேல கை வைக்காதே, புள்ளைகளையும் விடாதே. திருநீறு வாங்குனா நெத்தியில பூசிக்க, மிச்சத்தைக் கல்வெட்டுல தட்டாதே. 400 பேரு விலாசம், ஒன் திருநீத்துக்குள்ள பொதைஞ்சு கெடக்கு. கூட்டம் இருந்தா, கயிறு கட்டியிருந்தா, அதைத் தாண்டாதே. இதை நையாண்டியாச் சொல்லல. 1997 ஜூன் 7, குடமுழுக்கு வேலை நடந்தப்ப யாகசாலைப் பந்தல் தீப்புடிச்சு எரிஞ்சு 48 பேரு போயிட்டாங்க. நெருப்பைவிட நெரிசல் மோசம். அதுக்குப் பொறவு 23 வருஷம் கழிச்சு, 2020 பிப்ரவரி 5-லதான் அடுத்த குடமுழுக்கு. தமிழா சமஸ்கிருதமான்னு கோர்ட்டு வரைக்கும் போயி, ரெண்டுலயும் நடத்துங்கன்னு தீர்ப்பாயி நடந்துச்சு. நானும் போயிருந்தேன். எந்த மந்திரம் எந்தப் பக்கம்னு என் காதுக்குத் தெரியல. தலையில தண்ணி விழுந்துச்சா, அதான் பாத்தேன்.

உள்ளே போறப்ப வாசல் சந்தேகம் வேண்டாம். பதவியில இருக்கிறவங்க முன்வாசல் வழியா வந்தா பதவி போயிடும்னு ஒரு பேச்சு ஊருல உண்டு. பெரிய பெரிய ஆளுங்க பக்கவாட்டு வழியாப் போன கதையும் உண்டு. நீ தாராளமா முன்வாசல்ல வா. ஒனக்குப் போறதுக்கு என்ன இருக்கு, டீம் லீடர் வேலைதானே. நான் அம்பது வருஷமா அந்த வழியாத்தான் போறேன், ஊர்ப் பாசனச் சங்கத்துல தலைவர் பதவி கூட வரல.

கோயிலுக்கு வெளியில ராஜராஜன் சிலை நிக்கும், ஒரு கும்புடு போட்டுக்க. உள்ளே வைக்க அனுமதி கெடைக்கல. கட்டுனவனே வாசலுக்கு வெளியில நிக்கிறப்ப, சிறப்பு தரிசன டிக்கெட்டு எங்கேன்னு நீ கேக்கக் கூடாது. கோயிலுக்கு முன்னால ஓடுதே தண்ணி, அது சோழன் வெட்டுன அகழின்னு ஒன் புள்ளைகளுக்குச் சொல்லிடாதே. அது புது ஆறு, கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணை வந்த 1934-ல வந்தது. நீ வர்ற நேரத்துல அதுல தண்ணியும் இருக்காது, மேட்டூர் தெறக்க ஜூன் 12 ஆகணும், அதுவும் அணையில இருந்தா. நம்ம வயல் நெல்லு பூரா அந்தத் தண்ணியிலதான் மாப்ளே. 1954-ல அரசாங்கம் 1,000 ரூபா நோட்டு அடிச்சப்ப அதுல போட்ட படம் இந்தக் கோயிலுதான். எங்க அப்பாரு கோபுரத்தைப் பாத்துக்கிட்டே ஆயுசு முழுக்க உழுதாரு, அந்த நோட்டைக் கண்ணால பாக்கல. 1978-ல செல்லாதுன்னாங்க. "நம்மகிட்ட இல்லாதது எப்படிப் போனா என்ன"ன்னுட்டு வெத்தலை போட்டாரு.

அப்புறம், ஒன் பிளானை அனுப்பியிருந்தியே: காலையில பெரிய கோயிலு, பத்து மணிக்குத் தாராசுரம், மத்தியானம் கங்கைகொண்ட சோழபுரம், சாயங்காலம் நவக்கிரகத்துல நாலு. மூணு கோயிலும் யுனெஸ்கோ பட்டியல்ல ஒண்ணாத்தான் இருக்கு, அதுக்காக ஒரே நாள்ல பாக்கணும்னு அவங்க எழுதல. பெரிய கோயிலு மட்டும் வச்சுக்க. காலையில ஆறரைக்கு ஒரு தடவை, கல்லு சுடாது. எழுத்து மேல வெயில் சாஞ்சு விழுறப்ப பள்ளம் மேடு நல்லாத் தெரியும். புள்ளைகளுக்கு 'நெல்லு' காட்டு. எவ மொதல்ல கண்டுபுடிக்கிறாளோ அவளுக்குத் தலையாட்டி பொம்மை.

மத்தியானம் நம்ம வீட்டுக்குச் சாப்புட வந்துடுங்க. நான் இருக்க மாட்டேன். தாளடி அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசல்ல குவிச்சிருப்பேன். நெல்லுல ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, மழை வந்தாத் தார்ப்பாய் இழுக்க ஆளு வேணும். சாப்ட்டுட்டுக் கொஞ்ச நேரம் வந்து குவியலுக்குக் காவல் இருந்தின்னா புண்ணியம். அந்த வேலைக்கு ராஜராஜன் பங்கு குடுத்தான், நான் மோர்தான் குடுப்பேன்.

சாயங்காலம் நாலரைக்குக் கோயிலுக்கு வந்துடு. நந்திக்கு மேற்கால, கடலைப் பொட்டலத்தோட ஒக்காந்திருப்பேன். நிழல்லதான்.